ஏழு வாரத் தலை

தலை செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஐயா. கட்டி விழாமல் மாவு கரைக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். தண்ணீரை அளந்து கொதிக்க வைத்து, கடல்பாசித் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறி, உப்பை நிறுத்துப் போட்டு, பூசணம் பிடிக்காமலிருக்க நாலு சொட்டு மருந்து விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அச்சில் ஊற்ற வேண்டும். அதுதான் மூளை. அதன்மேல் பிளாஸ்டர் மாவில் வார்த்த மண்டையோடு. அதற்கும் மேலே மறுபடி கடல்பாசி, உப்பு மட்டும் வேறு அளவில், அது தோல். மண்டையோட்டை முன்கூட்டியே வார்த்து வைத்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தலை தயார். பதினோரு வருடத்தில் நானூறுக்கு மேல் செய்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தலைக்கார அக்கா என்று பெயர்.

இதெல்லாம் எதற்கு என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். தூக்கம் வராதவர்கள், மனம் சோர்ந்தவர்கள், கை நடுங்குகிறவர்கள் என்று பலருக்கும் மண்டைமேல் ஈர ஸ்பாஞ்ச் வைத்து அதன் வழியே மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். கொடுப்பதில் எவ்வளவு உள்ளே போகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும். அதற்காக உயிரோடு இருப்பவர் மூளைக்குள் கம்பியை விட முடியாது. என் தலைகளுக்குள் விடலாம். ஊற்றும்போதே மெல்லிய கம்பிகளை உள்ளே பதித்துப் பிடரி வழியாக வெளியே எடுத்து மீட்டரில் சேர்த்துவிடுவேன். எவ்வளவு ஏற்றினாலும் அந்தத் தலை ஐயோ என்று சொல்லாது. அதுதான் அதன் அருமை.

ஒரே ஒரு விதி உண்டு. ஒவ்வொரு தலையின் கழுத்திலும் செய்த தேதியை எழுதுவேன். மூன்றாம் நாள் அது குப்பைக்குப் போக வேண்டும். கடல்பாசி காயும். காய்ந்தால் மின்சாரம் சரியாக ஓடாது. மீட்டரில் எண் குறைவாகக் காட்டும். குறைவாகத்தானே போகிறது என்று நினைத்து இன்னும் ஏற்றிவிடுவோம். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஐந்து நாள் தலையில் கணக்கெடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, அந்தத் தாள்களை அவள் கண் முன்னாலேயே கிழித்தேன். "காஞ்ச தலை பொய் சொல்லும்மா. அதை நம்பி நாளைக்கு ஒரு ஆளுக்கு வெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். உங்களிடம் சாட்சி சொன்னவள் அவளாகத்தான் இருக்கும். நல்ல பெண். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறீர்கள். மேசைக்கடியில் உங்கள் குதிகால் ஆடுவது என் நாற்காலி வரை தெரிகிறது. மின்விசிறி ஒரு பக்கம் இழுத்துச் சுற்றுகிறது. கதவருகே நிற்கும் காவலர் காலை மாற்றி மாற்றி நிற்கிறார். இந்த அறையில் அசையாமல் இருப்பது நான் ஒருத்திதான். என் வீட்டில் எடுத்த குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

என் தம்பியை வீட்டில் பம்பரம் என்று கூப்பிடுவோம். சிறு வயதிலிருந்தே இருப்புக்கொள்ளாது அவனுக்கு. சாப்பிட உட்கார்ந்தால் வலது கால் ஆடும். மேசை ஆடும். டம்ளரில் இருக்கும் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். "காலை ஆட்டாதடா" என்று நான் சொன்னதைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு புத்தகம் தேறும். சொன்னதும் நிறுத்துவான், நாலு வாய் சாப்பிடுவதற்குள் மறுபடி ஆடும். முழங்காலில் என் கையை வைத்து அழுத்திக்கொண்டே அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெரியவனான பின் லிப்ட் மெக்கானிக் ஆனான். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வரும் வேலை. அவனுக்கென்றே செய்து வைத்த மாதிரி.

அந்தக் கால் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவும் அப்படித்தான், நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். ஒரு நாள் காலை, முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். எந்த முடிவெட்டும் கடையிலும் முப்பது வருடத்துக்குக் கூட்டம் இருக்காது. அம்மா அதற்குப் பின் இரண்டு வருடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அப்போது எனக்குப் பத்தொன்பது, தம்பிக்கு ஆறு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பையனை ஏதாவது விடுதியில் சேர்த்துவிடலாமே என்றார்கள். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். இதைத் தியாகம் என்று நான் எவரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அவன் வீட்டில் இருந்தால் எனக்குப் போதுமாக இருந்தது.

இந்த வருடம் ஒரு சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து, கைகூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"வேலை கிடைச்சிருக்கு. அறுபது மாடி, பன்னெண்டு லிப்ட். மூணு வருஷ கான்ட்ராக்ட்." கடல் தாண்டி இருக்கும் ஓர் ஊரைச் சொன்னான். "அவளும் வரா. அங்க போய் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

அவள் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். ஒரு வருடமாகப் பழக்கம். வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள், வந்த இரண்டு முறையும் தட்டை அவளே கழுவி வைத்துவிட்டுப் போனாள். குறை சொல்ல முடியாத பெண்.

"எப்ப?" என்றேன்.

"எட்டு வாரம் இருக்கு. மூணு வருஷம்தானக்கா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

"முடி வெட்டிட்டு வர அதைவிடக் கம்மி நேரம்தான்டா ஆகும்."

அவன் சிரித்தான். பிறகு புரிந்துபோய்ச் சிரிப்பை நிறுத்தினான். நான் அவன் தோளைத் தட்டி, சந்தோஷம்டா என்றேன். அன்றைக்கு ஏதோ இனிப்புகூடச் செய்தேன். ஆனால் பயமாக இருந்தது. அதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் இனி நான் உட்கார்ந்து வாசலைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பின் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: அவனாகத்தான் கேட்டான். "படுத்தா மனசு ஓடிக்கிட்டே இருக்குக்கா. அந்த ஊரு, விசா, அங்க வாடகை, அது இதுன்னு. உங்க லேப்ல தூங்க வைக்கறதுக்குக் கரண்ட் வைப்பாங்கன்னு சொன்னியே, எனக்கும் வெச்சு விடேன்."

சும்மா எடுத்து வைத்துவிடக் கூடாது, முதலில் தலையில் பார்க்க வேண்டும் என்றேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை.

ஆய்வுக்கூடத்துச் சாமான் அறையில், கழிவு என்று சீட்டு ஒட்டிய, மின்சாரம் கொடுக்கும் பழைய பெட்டி ஒன்று கிடந்தது. புதிய பெட்டிகள் அளவு மீறினால் தாமாகவே நின்றுவிடும். பழையதற்கு அந்த அறிவு கிடையாது. முன்பக்கம் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட ஒரு திருகு. திருகின அளவுக்குக் கொடுக்கும். அதையும் ஒரு மீட்டரையும் காய்கறிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் காவலாளி பையைப் பார்த்து, "என்னக்கா, தலையா?" என்றார். "தலை இல்லப்பா, தலைவலி" என்றேன். இருவரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முகத்தை அச்செடுத்தேன். நீச்சல் தொப்பி மாட்டி, முகம் முழுக்க எண்ணெய்ப் பசை தடவி, மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழல்களைச் செருகி, பிளாஸ்டர் மாவைப் பூசினேன். இருபது நிமிடம் அசையக் கூடாது என்றேன். அந்த இருபது நிமிடமும் முகம் அசையவில்லை, கால் மட்டும் ஆடியபடி இருந்தது. உரித்தெடுத்ததும், "யம்மா, பொணத்துக்குப் பண்ற மாதிரி பண்ணிட்டியே" என்றான். ஆய்வுக்கூடத்துத் தலைகளுக்கு முகம் கிடையாது. நான் செய்தவற்றில் முகம் உள்ள முதல் தலை அதுதான். புருவ மேடு, இடது கன்னத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு, லேசாகத் திறந்த உதடு எல்லாம் அப்படியே வந்துவிட்டன. ஆய்வுக்கூடத்து இருப்பில் இருந்த மண்டையோடுகளில் பொருத்தமான ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே வைத்தேன். கழுத்தில் தேதி எழுதினேன். ஈரத்துணி சுற்றி, டப்பாவில் வைத்து மூடி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை சமையலறையிலிருந்து அவன் குரல்: "அக்கா, என் தலைய தக்காளி பக்கத்துல வெச்சிருக்க. மாத்தி நறுக்கிடப் போற."

திங்கட்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தோம். முதலில் தலைக்கு. திருகு இரண்டில் இருந்தபோது மீட்டர் நாற்பது காட்டியது. அதுதான் எனக்கு வேண்டிய எண், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு அதே இரண்டில் அவனுக்கு. உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்ச் இரண்டு, ரப்பர் பட்டை ஒன்று, இருபது நிமிடம். அவன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் இரும்புச் சுவை தெரிகிறது என்றான், கண் ஓரத்தில் மின்னுகிறது என்றான். அதெல்லாம் வழக்கம்தான்.

தூக்கத்துக்கு என்றால் நெற்றியில் வைக்க வேண்டும். நான் உச்சியில் வைத்தேன். காலை அசைக்கச் சொல்லும் இடம் அங்கேதான் இருக்கிறது. அவன் இடத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

முதல் நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் என் டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி போல நின்றது. குனிந்து அவன் காலைப் பார்த்தேன். தரையில் பதிந்து, செருப்புக்குள் அமைதியாக இருந்தது. ஐயா, என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்ட நாள் வேறு கிடையாது. அவனும் நன்றாகத் தூங்குவதாகத்தான் சொன்னான்.

ஒவ்வொரு சாயங்காலமும் அதே ஒழுங்கு. முதலில் தலை, பிறகு தம்பி. தலையில் நாற்பது வரும்வரை திருகுவேன், அந்த எண்ணிலேயே அவனுக்கும் வைப்பேன். இரண்டாம் வாரம் நாற்பதைக் காட்டத் திருகு மூன்றுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் வாரம் நாலரை. குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது, பாருங்கள். எதையும் மறைக்கவில்லை. மீட்டர் எண் எல்லா வரியிலும் நாற்பதுதான்.

அந்தத் தலையை ஏன் மூன்றாம் நாள் தூக்கிப் போடவில்லை என்று காலையில் கேட்டீர்கள். நீங்கள் உங்கள் தம்பியின் முகத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறீர்களா? நான் முயன்றேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்து கையில் எடுத்தேன். உதடு லேசாகத் திறந்து ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. மனசு கேட்கவில்லை. திருப்பி வைத்துவிட்டேன்.

மாற்றம் மெல்ல மெல்லத்தான் வந்தது. வேலைக்குப் போகும்போது ஸ்பானர் பையை மறந்துவிட்டுப் போனான். இரண்டு முறை தளம் மாறி இறங்கிவிட்டதாக மேற்பார்வையாளர் என்னிடம் போனில் சொன்னார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தான். நான் சரியாகப் போட்டுவிட்டேன், சிறு பிள்ளையில் போட்டுவிட்டது போல. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போகவில்லை. தொலைக்காட்சி முன்னால் உட்காருவான், நிகழ்ச்சி முடிந்த பிறகும் அணைத்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். உச்சியில் முடிக்கு உள்ளே தோல் சிவந்து கொப்புளமாயிற்று. களிம்பு தடவி, முடியை வாரி மறைத்தேன்.

ஐந்தாம் வாரம் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவன், டப்பா மூடியை நீக்கித் தலையைப் பார்த்தான். கன்னம் ஒட்டி, உதடு உள்ளே இழுத்து, கண்குழி ஆழமாகிவிட்டிருந்தது. வெகுநேரம் பார்த்தான்.

"இவனும் இளைச்சுட்டான்க்கா" என்றான்.

அவன் பேசிய கடைசி வேடிக்கை அது. வேடிக்கையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

ஆறாம் வாரம் கண்ணாடிக் கடைப் பெண் வந்தாள். போனை எடுப்பதில்லை, விசாவுக்குப் போக வேண்டிய நாளில் வரவில்லை என்றாள். அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் மண்டியிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாச்சுங்க? என்னைப் பாருங்க" என்றாள். பார்த்தான். பார்க்கச் சொன்னதால் பார்த்தான். அவள் எழுந்து சமையலறைக்கு வந்தாள்.

"இவர் இப்படி இருக்கவே மாட்டாரேக்கா. என் கடையில வந்து நின்னா ஒரு நிமிஷத்துல பத்து பிரேமை மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்பாரு. இவருக்கு என்ன குடுக்கறீங்க?"

"சாப்பாடுதான்மா."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஊருக்குப் போற அலுப்பு. தூங்கி எழுந்தா சரியாயிடும். நீ பெட்டி கட்டற வேலையப் பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், கண்ணைப் பார்ப்பது அவள் தொழில். இரண்டு நாளில் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள், கொப்புளம் கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அவன் அசையவில்லை.

நீங்கள் எழுந்து சன்னல் பக்கம் போய் நிற்கிறீர்கள். உட்காருங்கள், ஐயா. கொஞ்சம்தான் பாக்கி.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. அவன் கூடத்தில் நாற்காலியில் இருந்தான், கதவு தட்டும் சத்தம் அவனுக்கும் கேட்டது. எழுந்திருக்கவில்லை. போக வேண்டும் என்று மெய்யாகவே இருந்திருந்தால் எழுந்திருப்பான் அல்லவா? எட்டு வாரமாக நான் அவனிடம் ஒரு தடவைகூடப் போகாதே என்று சொன்னதில்லை. அவன் காதில் அந்தச் சொல் விழவே இல்லை. இதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஏழாம் வாரக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை பகல். வழக்கமாகச் சாயங்காலம்தான் வைப்பேன். அவள் சாயங்காலம் ஆட்களோடு வந்தாலும் வருவாள் என்று முன்னதாகவே வைக்க நினைத்தேன். தலையை எடுத்து மேசைமேல் வைத்தேன். வெல்லக்கட்டி போல இறுகிப்போயிருந்தது. திருகை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் கொண்டுபோனால்தான் மீட்டர் நாற்பதைத் தொட்டது. பிறகு அவன் தலையில் பட்டையை மாட்டினேன்.

"இன்னிக்கு வேணாம்க்கா" என்றான்.

நாலு நாளாக அவன் பேசியிருக்கவில்லை. அதனால் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மெல்லத்தான் சொன்னான். கையால் பட்டையைத் தொட்டான், கழற்றவில்லை. வேண்டாம் என்கிறவன் கழற்றிவிட்டு எழுந்து போயிருப்பான். நான் அவன் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, "சும்மா இருபது நிமிஷம்டா" என்றேன்.

திருகியதும் அவன் உடம்பு விறைத்தது. பிறகு ஆடத் தொடங்கியது. ஏழு வாரமாக ஆடாமல் இருந்த ஆட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது போல, கால், கை, தாடை, நாற்காலி எல்லாம் ஆடின. நாற்காலியோடு சாய்ந்தான். நான் பெட்டியை நிறுத்தினேன். ஆட்டம் நிற்கவில்லை. பிறகு தானாக நின்றது. மூச்சு விட்டு விட்டு வந்தது.

மருத்துவமனைக்குப் போன் செய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டீர்கள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பட்டையைக் கழற்றினேன். ஸ்பாஞ்சுகளைக் கழுவிக் காயப்போட்டேன், உப்போடு விட்டால் வெடித்துப்போகும். மீட்டரைத் துடைத்தேன், பெட்டியைப் பரணில் ஏற்றினேன், தலையை டப்பாவில் வைத்து மூடினேன். குறிப்பேட்டில் அன்றைய வரியை எழுதினேன். பிறகு போன் செய்தேன். அரை மணி நேரம் இருக்கலாம். அந்த அரை மணி நேரம் மூச்சு சரியாக இல்லாததால்தான் இப்படி ஆயிற்று என்கிறார் மருத்துவர். வந்தவர்களிடம் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டான் என்று சொன்னேன். விழுந்தது உண்மைதானே.

இப்போது கிழிந்த பக்கம்.

நாலாம் வாரம் ஒரு நாள், மீட்டரில் நாற்பதைக் காட்டத் திருகு ஆறுக்கு வந்தபோது, நான் இன்னொரு தலை செய்தேன். அச்சு என்னிடம்தான் இருந்தது. கடல்பாசி வாங்கிவந்து, வீட்டு அடுப்பில் கிளறி, அதே அளவு உப்பு போட்டு. அவன் வேலைக்குப் போயிருந்தான். புதுத் தலை, பளபளவென்று, ஈரமாக. அதற்குத் திருகை ஆறில் வைத்தேன். மீட்டர் நூற்றிருபது காட்டியது.

மூன்று மடங்கு. உட்கார்ந்து யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. ஒரு மாணவியை அழவைத்து நானே சொன்ன பாடம்தான். பழைய தலை சொன்ன நாற்பது பொய், அவன் தலைக்குள் போய்க்கொண்டிருப்பது நூற்றிருபது. குறிப்பேட்டில் அந்த எண்ணை எழுதினேன். எழுதிப் பார்த்தேன். அந்த வாரம்தான் அவன் டிக்கெட்டை எங்கே வைத்தான் என்று மறந்துபோயிருந்தான். அந்த வாரம்தான் முதல் முறையாக, சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்து போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்தான்.

புதுத் தலை நிறுத்து என்றது. பழைய தலை இன்னும் கொஞ்சம் என்றது. எனக்குப் பழைய தலையைத்தான் பிடித்திருந்தது. புதியதைக் கரண்டியால் வெட்டிச் சாக்கடையில் தள்ளி வெந்நீர் ஊற்றினேன். பக்கத்தைக் கிழித்து அடுப்பில் வைத்தேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல அவனுக்கு வைத்தேன், ஆறில். அடுத்த நாள் ஆறரை. ஆகவே, தெரியாமல் நடந்துவிட்டது என்று என் வழக்கறிஞர் எழுதச் சொன்ன வரியை நான் எழுதவில்லை. தெரிந்துதான் செய்தேன். இனி அவன் போக மாட்டான் என்று உறுதியாகும் வரை செய்தேன்.

உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டி வரும்வரை தினமும் மருத்துவமனைக்குப் போனேன். சன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பேச்சில்லை, ஊட்டினால் விழுங்குகிறான். முகம் தெளிவாக இருக்கிறது. அந்தப் பெண்ணும் வருகிறாள், பயணத்தை விட்டுவிட்டாளாம், கையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். செவிலியர் ஒருநாள் என்னை வராந்தாவில் நிறுத்தினார். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"அந்தப் பொண்ணு வந்தா அமைதியா இருக்காரும்மா. நீங்க உள்ள வந்தா மட்டும் அந்த வலது காலு ஆடுது. நீங்க போனதும் நின்னுடுது. டாக்டர்கூடப் பார்த்தாரு."

நானும் கவனித்தேன். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே தொடங்குகிறது. நாற்காலியின் மிதிபலகை கடகடவென்று அடிக்கிறது. பக்கத்தில் போய் முழங்காலில் கை வைத்து அழுத்தினால் இன்னும் வேகமாக ஆடுகிறது. மருத்துவர் அதற்கு ஏதேதோ காரணம் சொல்கிறார். அவருக்கு அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியாது. அது அப்பாவின் கால், ஐயா. முழுதாகக் குணமாகவில்லை, கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் நாலைந்து தடவையில் நிறுத்திவிடலாம். இந்த முறை மூன்று நாளைக்கு ஒரு புதுத் தலை செய்துகொள்கிறேன்.